காதலர்களாக நடிக்கும் விளையாட்டுக் காதல் நாவல்கள்: ஏன் இவ்வளவு பிடிக்கின்றன, நம் கடற்கரையில் வைத்து எழுத முடியுமா?

மண்டபம் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காதலர்களாக நடிப்பதென்று இருவர் உடன்பாடு செய்துகொண்டு, பிறகு மெய்யாகவே ஒருவரிடம் ஒருவர் மனத்தைப் பறிகொடுக்கும் கதையை விளையாட்டுக் களத்தோடு சேர்த்து எழுதும் ஆங்கில நாவல்களை நான் பெருவிருப்பத்தோடு படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் ஐஸ் ஹாக்கிக் கதைகள். கூடைப்பந்து, பேஸ்பால் கதைகளும் உண்டு. ஆட்டக்காரனுடைய பெயர் ஏதோ ஒரு காரணத்தால் கெட்டுப்போயிருக்கும். ஒழுங்கான வாழ்க்கை வாழ்பவனாக வெளியில் காட்டிக்கொள் என்று அணி நிர்வாகம் நெருக்கும். அதே வேளையில் நாயகிக்கும், முன்னாள் காதலன் வரப்போகும் ஒரு திருமணத்துக்கோ குடும்ப விருந்துக்கோ உடன் அழைத்துச்செல்ல ஒருவன் தேவைப்படுவான். இருவரும் எதிரெதிரே அமர்ந்து விதிகளை எழுதுவார்கள். எந்த விதி எந்த அத்தியாயத்தில் உடையும் என்பதைக்கூட அந்தப் பக்கத்திலேயே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இப்படி முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை என்னை ஏன் விடியும்வரை படிக்க வைக்கிறது என்பது என் முதல் கேள்வி. எனக்குத் தோன்றிய ஒரு விடையைச் சொல்கிறேன். ஊரை நம்பவைக்க வேண்டுமானால் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் முழுமையாகத் தெரிந்துகொண்டாக வேண்டும். அவனுடைய புருவத்துத் தழும்பு எந்த ஆட்டத்தில் வந்தது, அவன் ஏன் அந்த எண்ணையே சட்டையில் அணிகிறான், அவளுக்கு எந்த உணவு ஒவ்வாது, அவள் தன் தந்தையிடம் பேசி எவ்வளவு காலமாகிறது என்பதையெல்லாம் தேர்வுக்குப் படிப்பதைப் போல ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். உண்மையான காதலர்கள் பல ஆண்டுகளாகியும் கேட்டிராத கேள்விகளை இந்தப் பொய்க் காதலர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இன்னொன்று, விளையாட்டு நாட்காட்டி. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஒவ்வோர் அணியும் இலையுதிர் காலத்தில் தொடங்கி ஏப்ரல் வரை எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டும்; அதற்குமேல் தகுதிபெற்ற அணிகளுக்கு மட்டும் இறுதிக் கட்டச் சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பருவம் முடியும் நாளில் நடிப்பும் முடியும் என்பது நாவல்களில் வழக்கமான விதி. ஆகவே அணி வெல்ல வெல்ல அந்த நாள் தள்ளிப்போகிறது. அரங்கில் அமர்ந்து வெற்றிக்காக வேண்டிக்கொள்ளும் நாயகி, அணிக்காக வேண்டுகிறாளா, தனக்கு இன்னும் இரண்டு வாரம் கிடைக்கட்டும் என்று வேண்டுகிறாளா என்பது அவளுக்கே விளங்காமல் போகும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். விளையாட்டும் காதலும் ஒரே முடிச்சாக இறுகும் இடம் அது.

இரண்டாவது கேள்வி எழுத்து பற்றியது. நான் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். இப்படியொரு கதையை மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதியில் வைத்து எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஆனால் இங்கே காதலர்களாக நடிப்பது என்றால் என்ன பொருள்? 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம்தான் இராமேசுவரம் தீவுக்குச் செல்லும் ஒரே சாலை. அதன் நடுவில் வண்டியை நிறுத்தி இருவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவர்கள் அக்கரை சேருமுன் அந்தச் செய்தி தங்கச்சிமடத்துக்குப் போய்விடும். அயல்நாட்டுக் கதையை இங்கே கொண்டுவந்து நட்டதைப் போல அது வாடி நிற்குமோ என்று தயங்குகிறேன். இவ்வகை நாவல்களைப் படிப்பவர்களும், விளையாட்டை அறிந்தவர்களும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

தொண்டித் தமிழாசிரியை எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். நீங்கள் பாலத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு நம் அகப்பாடல்களின் அலர் நினைவுக்கு வந்தது. அங்கே களவு, அதாவது ஊரறியாத காதல், முதலில் நிகழ்கிறது. பிறகு அது அம்பலாக முணுமுணுக்கப்பட்டு, அலராக ஊர் முழுதும் பரவுகிறது. அந்த அலருக்கு அஞ்சியே தோழி தலைவனிடம் விரைந்து மணந்துகொள்ளச் சொல்கிறாள். திருக்குறளில் இதற்கென்றே 115ஆம் அதிகாரம் இருக்கிறது. ஊராரின் பழிச்சொல்லை எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல்லை நீராகவும் கொண்டு இந்தக் காதல் நோய் வளர்கிறது என்று அதிலுள்ள 1147ஆம் குறளில் தலைவி சொல்கிறாள்.

நீங்கள் படிக்கும் நாவல்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகின்றன. அவற்றில் களவே இல்லாமல் அலர் முதலில் பிறக்கிறது; அதுவும் அந்த இருவரே திட்டமிட்டுக் கிளப்பிவிட்ட அலர். எருவும் நீரும் இட்டபிறகு நிலத்தில் விதையும் இருந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அகப்பாடலில் காதலர் இருவருக்கும் தெரிந்த ஒன்றை ஊருக்கு மறைக்கிறார்கள். இங்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட ஒன்றை அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கிறார்கள். என் பார்வையில் இவ்வகை நாவலின் சுவை முழுவதும் இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. களவு கற்பில், அதாவது மணவாழ்வில், முடியும் என்று அறிந்தே நாம் அகப்பாடல்களைப் படிக்கிறோம். எந்தச் சொல்லில், எந்தப் பொழுதில் மனம் வெளிப்படுகிறது என்பதைத்தான் அங்கே தேடுகிறோம். முடிவு தெரிந்த நாவலை நீங்கள் விடாமல் படிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

தோழியின் இடத்தையும் கவனியுங்கள். அந்த நாவல்களில் உடன் ஆடுபவனோ அறைத்தோழியோ உண்மை அறிந்த ஒரே ஆளாக இருப்பார். நடிப்பு மெய்யாகிவிட்டதை முதலில் கண்டுகொள்பவரும் அவரே. தோழி இல்லாமல் இந்தக் கதையை எழுதிவிடாதீர்கள். நெய்தல் பாடல்களில் பரதவர் சிறுகுடியும் அங்கே எழும் அலரும் எத்தனையோ இடங்களில் வருகின்றன. புன்னை நிழலில் நின்ற இருவரைப் பற்றி ஊர் பேசிய அதே கரையில், பாலத்தில் நின்ற இருவரைப் பற்றி ஊர் பேசுவதில் அயல்தன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தயங்காமல் எழுதுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர் எழுதியது:

நானும் இவ்வகை நாவல்களை ஆவலோடு படிப்பவள். ஒரே ஒரு செய்தியில் மட்டும் அவற்றின் மீது எனக்கு வருத்தம் உண்டு. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார், களத்தில் எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்வது, கிழிந்துபோன நாயகன் சில அத்தியாயங்களுக்குள் இறுதி ஆட்டத்தில் இறங்கிவிடுகிறான். அந்தத் தசைநாரை அறுவைச் சிகிச்சையால் சீரமைத்துக்கொண்ட ஒருவர் மீண்டும் முழு வேகத்தில் ஆடுவதற்குக் குறைந்தது ஒன்பது மாதங்களாவது ஆக வேண்டும் என்றே நாங்கள் அறிவுறுத்துகிறோம். கபடியில் திடீரென்று திரும்புவதும், கால் பிடிபட்ட நிலையில் உடலை முறுக்கி இழுப்பதும் மிகுதியாதலால் முழங்கால் காயங்கள் அங்கே வழக்கமானவை. எனவே உங்கள் கதையிலும் அது வரக்கூடும்.

மருத்துவத்துக்கு உண்மையாக இருந்தால் கதைக்கும் ஆதாயம் உண்டு. காயத்தைக் கதையின் நடுவிலேயே வைத்துவிடுங்கள். பருவம் அத்துடன் அந்த ஆட்டக்காரருக்கு முடிந்துவிடுகிறது. உடன்பாட்டுக்கான காரணமும் அத்துடன் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் மற்றவர் நாள்தோறும் வந்து, காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டு அருகில் உட்கார்ந்தால், ஏன் வருகிறாய் என்ற கேள்விக்கு இருவரிடமும் விடை இருக்காது. யாரும் பார்க்காத அறையில் நடிக்கத் தேவையில்லை அல்லவா?

நாயகி அணியின் இயன்முறை மருத்துவராக இருக்கும் கதைகள் நிறைய வருகின்றன. தன்னிடம் சிகிச்சை பெறுபவரோடு காதல் உறவு கொள்வது எங்கள் தொழில் நெறிக்கு மாறானது. பொய் உறவானாலும் வெளியுலகுக்கு அது உறவுதான். அவர் அந்த ஆட்டக்காரரை வேறொருவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டு விலகும் காட்சியை எழுதும் ஆசிரியர்களிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

தங்கச்சிமடத்திலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

மகளே, நான் நாவல் படிப்பவன் அல்லன். கபடியை அறிந்தவன் என்ற முறையில், நீ கேட்டதில் எனக்குத் தெரிந்த பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் தவறு செய்த ஆட்டக்காரனைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு அடைப்பில் இரண்டு நிமிடம் உட்கார வைப்பார்கள் என்றும், அப்போது அவன் கூட்டத்தில் அவளைத் தேடுவதாக நாவல்களில் வரும் என்றும் என் பேத்தி சொன்னாள். கபடியில் அதைவிடப் பொருத்தமான இடம் இருக்கிறது. அவுட் ஆனவர் களத்துக்கு வெளியே வரிசையில் உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால்தான், வெளியேறிய அதே வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே திரும்ப முடியும். தான் மீள்வது தன் கையில் இல்லாமல், பிறருடைய மூச்சை நம்பிக் காத்திருக்கும் நேரம் அது. ஆட்டக்காரரின் முகம் அப்போதுதான் திறந்துகிடக்கும். எங்கே பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார் என்பதைப் பயிற்சியாளர்கள் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

பாடிப் போகும் ரைடருக்கு 30 நொடி. அதற்குள் நான்கு வகையாக ஏமாற்ற வேண்டும்: இடது ஓரத்தில் நிற்கும் கார்னரைப் பார்த்துக்கொண்டே வலது ஓரத்துக் கார்னரைத் தொடுவது, பின்வாங்குவதைப் போலக் காட்டிக் காலை நீட்டுவது, இப்படி. நல்ல ரைடர் நடிப்பில் தேர்ந்தவராகத்தான் இருப்பார். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கை கோத்து நிற்கும் இருவருக்குள் நடிப்புக்கு இடமே இல்லை. எப்போது பாய்வது என்பதைக் கைப்பிடியின் அழுத்தத்தாலேயே சொல்லிக்கொள்வார்கள். உன் கதையின் ஆள் ரைடரா, பிடிப்பவரா என்பதை முதலில் முடிவு செய். குணம் அதிலிருந்து வந்துவிடும். இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அவுட் என்ற விதியும் உனக்குப் பயன்படும்.

நம் கரையில் சுவரொட்டி ஒட்டி நடத்தப்படும் மின்னொளி கபடிப் போட்டிகளை நீ பார்த்திருப்பாய். கோயில் திருவிழா, தேவாலயத் திருவிழா, கோடை விடுமுறை என்று ஏதாவது ஒரு காரணத்தால் அவை நடந்துகொண்டே இருக்கும். அங்கே ஆட்டத்துக்கு அடுத்தபடி முக்கியமானவர் ஒலிபெருக்கி வர்ணனையாளர். அடுத்த ரைடில் புள்ளி எடுத்து வந்தால் இன்னார் சார்பில் நூறு ரூபாய் என்று அவர் அறிவிக்கும் வழக்கம் உண்டு. அயல்நாட்டு நாவலில் அவள் அவனுடைய எண் போட்ட சட்டையை அணிந்து அரங்குக்கு வருவாளாமே. இங்கே அந்த இடத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெயர் ஒலித்தால் போதும். ஊர் முழுதுக்கும் கேட்கும், மறுக்கவும் முடியாது.

காலக்கெடுவுக்கும் வழி சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, மாலையில் களம் நிறைந்திருக்கும். தடை நீங்கிப் படகு இறங்கும் நாளோடு உடன்பாடு முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியையும் எண்ணிப் பார்த்தேன். அதற்குக் கடலும் காற்றும் தெரிந்த வேறொருவர் உனக்கு உதவ வேண்டும்.

கீழக்கரை வாசகி எழுதியது:

எல்லாருடைய கருத்துகளையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் காதலிப்பதாக நடித்தால், அந்த நடிப்புக்கான விலை முழுவதும் பெண்ணின் தலையில்தான் விழும். ஆட்டக்காரனுக்கு அது ஒரு பருவத்துப் பேச்சு. அவளுக்கோ அதன் பிறகு வரும் ஒவ்வொரு சம்பந்தப் பேச்சிலும் அது எழுந்து நிற்கும். அலர் காதலுக்கு எருவாகும் என்று ஆசிரியை அக்கா எழுதியது அழகான பார்வை. காதல் இல்லாத இடத்தில் விழுந்த அலர் அந்தப் பெண்ணை என்ன செய்யும் என்பதையும் கதை முகங்கொடுத்துப் பேச வேண்டும். ஆங்கில நாவல்களில் உடன்பாடு முறிந்தால் அவள் வேறு ஊருக்குப் போய் வேலை தேடிக்கொள்கிறாள். இங்கே அவள் எங்கே போவாள்?

அதனால் நான் சொல்லும் வழி இது. ஆட்டக்காரி பெண்ணாக இருக்கட்டும். நடிப்பது காதலாக இல்லாமல், பேசி வைத்த சம்பந்தமாக இருக்கட்டும். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மாநில அணித் தேர்வுவரை அவளுக்கு நாள் வேண்டும். ஏற்கெனவே ஒரு வீட்டில் பேசி வைத்திருக்கிறது என்றால் வேறு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். அவனுக்கும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஏதோ ஒரு காரணம் இருக்கும். அவள் கேட்கும் கால அவகாசம் சிறிய காரணத்துக்காகவும் அல்ல. ஆசிய விளையாட்டில் 2010 முதல் மகளிர் கபடி இருக்கிறது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் இழந்த தங்கத்தை, 2023இல் ஹாங்சௌவில் நடந்த இறுதியாட்டத்தில் சீன தைபேயை 26–25 என்ற கணக்கில் வென்று நம் பெண்கள் மீட்டார்கள். அந்த ஒரு புள்ளியைக் கண்டு வளர்ந்த பெண் எனக்கும் இரண்டு மாதம் கொடுங்கள் என்று கேட்டால் வாசகர்கள் அவள் பக்கம்தான் நிற்பார்கள்.

பேசி வைத்த சம்பந்தம் என்றதும் இரு குடும்பத்தாரும் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். வருங்கால மருமகள் என்று நம்பி அவனுடைய தாயார் அவளை அழைத்துச் சோறு போடுவார். நோயுற்ற பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார். அவனை ஏமாற்றவில்லை, அவர்களை ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல் அவளுக்கு வரும். கடைசிப் பகுதியில் பிரிவுக்காகப் பாதிப் பேச்சை ஒட்டுக்கேட்டுத் தவறாகப் புரிந்துகொள்வது பல நாவல்களில் வந்து சலித்துவிட்டது. பெரியவர்களுக்கு உண்மை தெரியவருவதே போதிய காரணம். அதிலிருந்து மீள்வதற்கு மன்னிப்பும் பொறுமையும் உண்மையாகவே வேண்டியிருக்கும்.

மண்டபம் வாசகி மீண்டும் எழுதியது:

நீங்கள் ஒவ்வொருவரும் கொடுத்த நேரத்துக்கு மனமார்ந்த நன்றி. கீழக்கரை லாத்தா சொன்னபடியே நாயகி ஆட்டக்காரி, நடிப்பு பேசி வைத்த சம்பந்தம் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் ரைடராக இல்லாமல் இடது கார்னரில் நிற்பவளாக இருப்பாள். கை கோத்து நிற்பதைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்த பிறகு வேறு எப்படியும் அவளை எண்ண முடியவில்லை. அவன் மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் வீட்டுப் பிள்ளை. தடைக்காலத்தில் படகுகள் போகாததால் ஐஸுக்குத் தேவை குறைந்து, அவனுக்கும் பகல் பொழுது கையில் இருக்கும். அவள் தினமும் பயிற்சிக்குப் போக வண்டி ஓட்டி உதவுவதற்கு அது வசதியாகிறது. அவளோடு கை கோத்து நிற்கும் மற்றொரு வீராங்கனைதான் தோழி. காயம் அவளுக்கு வர வேண்டுமா, அந்தத் தோழிக்கு வர வேண்டுமா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. தோழிக்கு வந்தால் உண்மை அறிந்தவர் களத்திலிருந்து விலகிவிடுவார், நாயகி தனியளாகிவிடுவாள் என்பதால் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த ஒருத்தி தேர்வுக்குப் போகும்போது அந்த 61 நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? பயிற்சிக் காட்சிகளை அதைச் சுற்றியே அமைக்க விரும்புகிறேன்.

உடற்கல்வி ஆசிரியர் மீண்டும் எழுதியது:

மேட் எனப்படும் செயற்கை விரிப்பில் ஆடுவதைக் கற்க வேண்டும், மகளே. இப்போது பெரிய போட்டிகளும் தேர்வுகளும் அந்த மேட்டில்தான் நடக்கின்றன. மணலில் வெறுங்காலோடு ஆடியவள் காலை ஊன்றினால் மணல் சற்று நழுவி இடம் கொடுக்கும்; அந்த நழுவலையும் கணக்கில் வைத்தே அவள் பாய்ந்து பழகியிருப்பாள். மேட்டில் காலணியோடு ஊன்றினால் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், உடல் மட்டும் திரும்பும். முழங்கால் போவது அப்போதுதான். மருத்துவர் அம்மா இதை உறுதிப்படுத்துவார். கணுக்கால் பிடிக்குக் குனியும் ஆழமும், பாயும் தொலைவும் மாறும். முதல் இரண்டு வாரம் அவள் எல்லாப் பிடியையும் தவறவிடட்டும், அது இயற்கை. மகளிர் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மணலில் கோடு கிழித்து ஆடிய இடம் பெரும்பாலும் இந்த அளவில் இருந்திருக்காது என்பதால் பக்கக்கோட்டைப் பார்க்காமலேயே உணரவும் அவள் பழக வேண்டும். மேட்டுக்கான காலணி அவளிடம் இருக்காது. அதற்கு அவன் பணம் கொடுத்தால் அவள் உடனே வாங்கிக்கொள்ள மாட்டாள், உடன்பாட்டுத் தாளில் கடன் என்று எழுதி வைக்கச் சொல்வாள் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்.